முதல் 20 நிமிடம்

ஈப்போவில் ஒரு கார் பட்டறை. சனிக்கிழமை காலை. கொட்டகையின் கீழ் நிற்கிறது 1963ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். முதலில் தாத்தாவுடையது, இப்போது சித்தப்பாவுடையது. பல ஆண்டுகளாக வீட்டின் பின்புறம் துருவேறிக் கிடந்த இஞ்சினை முழுவதும் கழற்றி, சிலிண்டர்களைக் கடைந்து, புது பிஸ்டன், புது வளையங்கள், புது கேம் தண்டு எல்லாம் பொருத்தி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. இன்றுதான் முதன்முறையாக அதை ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள்.

“இன்னைக்குத் தப்பு பண்ணினா எட்டு மாசமும் போச்சு, தம்பி” என்றார் பட்டறைக்காரர். மிகைப்படுத்துகிறார் என்றே நினைத்தேன். பக்கத்தில் தீயணைப்புக் கருவியை வைத்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்புகூட வந்தது.

மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ்; பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. இந்தக் காரில் இருப்பது 1098 சிசி ‘ஏ சீரிஸ்’ இஞ்சின். 1951இல் ஆஸ்டின் காரில் அறிமுகமான அந்த இஞ்சின் வகை 2000ஆம் ஆண்டுவரை தயாரிக்கப்பட்டது.

சரி, புதுப்பித்த இஞ்சினை ஓட்டுவதில் என்ன ஆபத்து?

ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினில் கிராங்க் தண்டு அதைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான இடைவெளி. தண்டு சுழலும்போது ஆயிலை அந்த இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு, அந்த ஆயில் படலத்தின் மேலேயே மிதக்கிறது. படலம் இல்லாவிட்டால் உலோகமும் உலோகமும் உரசும். உராய்வினால் எழும் வெப்பம் சில நொடிகளிலேயே பேரிங்கைக் கெடுத்துவிடும். புதுப்பித்த இஞ்சினிலோ ஆயில் பாதைகள் எல்லாம் காலியாக இருக்கின்றன. பூட்டும்போது பூசிய பசை மட்டுமே பாதுகாப்பு.

ஏ சீரிஸில் ஆயில் பம்பைச் சுழற்றுவது கேம் தண்டின் பின்முனை. அதனால் இஞ்சினைச் சுற்றாமல் பம்ப் வேலை செய்யாது. பட்டறைக்காரர் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். பெட்ரோல் பம்பின் மின் இணைப்பையும் எடுத்துவிட்டார். பிளக் இல்லையென்றால் சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இஞ்சினை எளிதாகவும் வேகமாகவும் சுற்றும், பேரிங்குகளின் மீது சுமையும் குறைவு.

இந்தக் காரில் ஆயில் அழுத்தத்துக்கு எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். அதனால் தற்காலிகமாக ஒரு மானியைப் பொருத்தியிருந்தார். பத்து நொடி சுற்றினார். முள் அசையவில்லை. மோட்டார் ஆறட்டும் என்று காத்திருந்து மறுபடியும் சுற்றினார். இல்லை. சித்தப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது முறை முள் துள்ளி எழுந்தது. அப்போதுதான் இருவரும் மூச்சு விட்டார்கள்.

பிளக்குகளைப் பூட்டி, பெட்ரோல் பம்பை இணைத்து, சாவியைத் திருப்பியதும் டக் டக் டக் என்று ஒரு சத்தம். கார்புரேட்டரின் சிறு கிண்ணம் நிரம்பியதும் அது தானாக அடங்கியது. பிறகு ஸ்டார்ட்டர். ‘டப்!’ என்று கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி, கூடவே சிறு தீ நாக்கு. தீயணைப்புக் கருவி ஏன் வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

“ஒண்ணுமில்லண்ணே, அரைச் சுற்று மாறிப்போச்சு” என்றார் பட்டறைக்காரர். நான்கு வீச்சு இஞ்சினில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும். கேம் தண்டு ஒரு முறைதான் சுற்றும். ஆகவே பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது. ஒரு தடவை கலவையை அழுத்திக்கொண்டு வரும். மற்றொரு தடவை புகையை வெளியே தள்ளிக்கொண்டு வரும். பொறி விழ வேண்டியது முதல் உச்சியில். எங்கள் காரில் இரண்டாவதில் விழுந்தது. அந்த நேரத்தில் உள்வால்வு திறக்கத் தொடங்கிவிடுவதால் தீ வந்த வழியே திரும்பியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் பொறி பாயும் வரிசை 1, 3, 4, 2. ஒவ்வொரு கம்பியையும் நேர் எதிர்முனைக்கு மாற்றினார். வரிசை கெடவில்லை, நேரம் மட்டும் சரியாயிற்று.

இம்முறை இஞ்சின் பிடித்துக்கொண்டது!

மெதுவாக ஓடவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ உடனே நிமிடத்துக்கு 2000 சுற்றுகளுக்கு ஏற்றி, 20 நிமிடம் அங்கேயே பிடித்து வைத்தார். காரணம் கேம் தண்டு. அதன் மேடுகள் டேப்பட் என்னும் துண்டுகளைத் தள்ளி வால்வுகளைத் திறக்கின்றன. இஞ்சினிலேயே கடுமையான உரசல் நடக்கும் இடங்களில் இது ஒன்று. அங்கே ஆயில் பெரும்பாலும் கிராங்க் தண்டு சுழன்று வாரி இறைப்பதால்தான் சேர்கிறது. மெதுவாக ஓடினால் இறைப்பும் குறையும். புது மேடும் புது டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகி வழவழப்பாகும் முன்பே தேய்ந்துவிடலாம்.

ஆயிலையும் அவர் தேடித்தான் வாங்கியிருந்தார். துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு வேதிப்பொருள் இந்த இடத்தில் உலோகத்தின்மேல் காப்புப் படலம் உண்டாக்கும். பாஸ்பரஸ் கார்களின் புகைச் சுத்திகரிப்பானைக் கெடுப்பதால், புதிய கார்களுக்கான ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். ஆக, கடையில் விலை அதிகமான நவீன ஆயில் இந்தப் பழைய காருக்கு நல்லதென்று சொல்ல முடியாது.

புதுச் சாயம் சூடேறிப் புகைந்தது. ஒரு குழாய் இணைப்பில் தண்ணீர் சொட்டியது, கிளிப்பை இறுக்கினார்கள். 20 நிமிடம் முடிந்ததும் இஞ்சினை நிறுத்தி, ஆயிலை வடித்து, அதில் காந்தத்தை விட்டுப் பார்த்தார். மெல்லிய சாம்பல் பூச்சுதான் ஒட்டியது, துகள்கள் இல்லை.

புது ஆயில் ஊற்றிக்கொண்டு, அன்று மாலையே கோப்பெங் வரை ஓட்டிச் சென்றோம். பிஸ்டன் வளையங்களைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அழுத்தம்தான். அதற்கு இஞ்சின் சுமை இழுக்க வேண்டும். சும்மா நின்று உறுமினால் போதாது. 500 கிலோமீட்டர் ஓடியபின் சிலிண்டர் தலையின் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளி 0.3 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதுவரை சித்தப்பா 70ஐத் தாண்டமாட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தும் அவர் தாண்டவில்லை.