சிவகிரிக்கு வரும் மானியப் பணம்

சிவகிரியில் ஒரு தெருவிற்குப் புதிதாய்க் குடிநீர்க் குழாய் பதிக்கப்படுமாயின், அது பேரூராட்சியின் செலவு என்பர் சிலர். டெல்லியிலிருந்து வந்த பணம் என்பர் வேறு சிலர். இரு கூற்றிலும் உண்மை உண்டு.

வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் மட்டுங் கொண்டு இத்தகைய ஊர்கள் தங் காரியங்களை நடத்தல் அரிது. பெரு வரிகள் யாவும் மேலிடங்களிலேயே சேர்கின்றன. அரசியல் சட்டத்தின் 280-ஆம் உறுப்பின்படி அமையும் நிதிக் குழு, 1993-ல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின் பின்னரே இக்குறையையும் கருதும் கடமை பெற்றது. பதினைந்தாம் நிதிக் குழு 2021 முதல் 2026 வரையுள்ள ஐந்தாண்டிற்கு உள்ளாட்சிகளுக்கென வகுத்த மானியம் 4,36,361 கோடி ரூபாய்.

இத்தொகை நேரே பேரூராட்சியின் கையில் விழுவதன்று. மலையிற் பெய்த மழை குளத்தில் நின்று, மடை திறந்த பின்னரே கடைவயலைச் சேர்வது போல, நடுவண் நிதி அமைச்சகம் விடுவிக்கும் பணம் மாநில அரசாங்கத்தினிடம் வந்து, அங்கிருந்தே ஊர்களுக்குப் பிரியும். பத்து வேலை நாட்களுக்குள் மாநிலம் அதனைக் கொடுத்துவிடல் வேண்டும்; தாழ்த்தின் வட்டியுஞ் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும் என்பது அக்குழு இட்ட விதி. மடை காப்போருக்கு இத்தகைய கட்டுப்பாடு தக்கதே.

பெருநகரல்லாத ஊர்களுக்குரிய தொகையில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் துப்புரவிற்குமே உரியதாயிற்று. எஞ்சிய 40 பங்கை ஊர்த் தேவை நோக்கிச் செலவிடலாமாயினும், சம்பளத்திற்கு அதனைத் தொடலாகாது. தெருவிளக்குக் கேட்பவர்க்கு, "அது குழாய்க்குரிய பணம்" என்னும் விடை கிடைத்தல் இதனாலேயாம்.

இவற்றினும் வலியதொரு நிபந்தனை உண்டு. முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு மானியம் இல்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தும், உரிய காலத்தில் தேர்தல் நடந்திலது. தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தனர். அக்காலத்தே இம்மாநிலத்து உள்ளாட்சிகளுக்குரிய மானியத்தில் ஒரு பகுதியை நடுவண் அரசாங்கம் நிறுத்தி வைத்தது. தேர்தலை நடத்தும் அதிகாரம் எந்தப் பேரூராட்சிக்கும் இல்லை. மடை அடைபட்டதன் வருத்தமோ கடைவயலுக்கே. தென்காசி மாவட்டம் 2019-ல் புதிதாகப் பிரிந்தமையால், சிவகிரியைச் சூழ்ந்த கிராம ஊராட்சிகள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. பேரூராட்சிகளுக்கோ, 2022 பிப்ரவரி 19-ஆம் நாளில்தான் வாக்குப்பதிவு நடைபெற்றது.