குடியரசின் பிளவுகள் – 9: ஐந்தில் மூன்று பங்கு

1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றதும், பதவியில் இருந்த அதிபர் ஜான் ஆடம்ஸ் 65 வாக்குகளோடு தோற்றதும் சென்ற வாரம் சொல்லப்பட்டன. சமநிலையைத் தீர்க்கப் பிரதிநிதிகள் சபையில் நடந்த 36 சுற்று வாக்கெடுப்பே இவ்வாரத்துக்கு உரியது என்றாலும், அந்த 73 என்ற எண் எப்படித் திரண்டது என்று பார்க்காமல் அதற்குள் நுழைவது முறையாகாது.

அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேர்வாளர்கள் எனப்படுவோர். அதாவது, அதிபருக்கு வாக்களிப்பதற்காக மட்டுமே ஒவ்வொரு மாநிலமும் நியமிக்கும் குழுவினர். ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடங்களோ, அவற்றுடன் அதன் இரண்டு செனட் இடங்களையும் கூட்டினால் வருவதே தேர்வாளர்களின் எண்ணிக்கை. சபை இடங்கள் மக்கள்தொகையைப் பொறுத்தவை. அந்த மக்கள்தொகையைக் கணக்கிடும்போது, வாக்குரிமையோ வேறெந்த உரிமையோ இல்லாத அடிமைகளையும் ஐந்து பேருக்கு மூன்று பேர் என்ற விகிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு அனுமதித்தது.

இந்தப் பின்னம் என்ன செய்தது என்பதை வர்ஜீனியாவையும் பென்சில்வேனியாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 1790-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவில் சுதந்திர மக்கள் 4,54,983 பேர், அடிமைகள் 2,92,627 பேர்; பென்சில்வேனியாவில் சுதந்திர மக்கள் 4,30,636 பேர், அடிமைகள் 3,737 பேர் மட்டுமே. 33,000 பேருக்கு ஓர் இடம், மீதத்தை விட்டுவிடுவது என்று 1792-இல் சட்டம் வகுக்கப்பட்டது. சுதந்திர மக்களை மட்டும் எண்ணியிருந்தால் இரு மாநிலங்களுக்கும் தலா 13 இடங்களே கிடைத்திருக்கும். அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கான 1,75,576-ஐக் கூட்டியபோது வர்ஜீனியாவின் மக்கள்தொகை ஆறு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்ட, அதற்கு 19 இடங்கள் வந்தன. பென்சில்வேனியா 13-இலேயே நின்றது. அதிபர் தேர்தலில் இது 21-க்கு 15 ஆயிற்று. வர்ஜீனியாவின் அந்த ஆறு கூடுதல் வாக்குகளும் வாக்களிக்க முடியாதவர்களின் தலைகளை எண்ணிப் பெற்றவை.

வகுத்த பின் எஞ்சும் மீதத்தை என்ன செய்வது என்பதும் அந்நாளில் பெரும் சண்டையாகவே இருந்தது. எட்டு மாநிலங்களுக்கு ஓர் இடம் கூடுதலாகத் தந்த முந்தைய மசோதாவை ஜார்ஜ் வாஷிங்டன் 1792 ஏப்ரலில் திருப்பி அனுப்பினார். அமெரிக்க வரலாற்றில் அதிபர் ஒருவர் தம் தடை அதிகாரத்தைப் பயன்படுத்திய முதல் நிகழ்வு அது. அனுமதிக்கலாம் என்று அவருடைய நிதிச் செயலர் ஹாமில்டனும், கூடாது என்று ஜெஃபர்சனும் ஆலோசனை கூற, வர்ஜீனியரான வாஷிங்டன் சக வர்ஜீனியரின் பேச்சையே கேட்டார்.

ஐந்தில் மூன்று என்ற விகிதமோ தேர்தலுக்காகப் பிறந்ததே அன்று. அது வரிக் கணக்கிலிருந்து வந்தது. ஒவ்வொரு மாநிலமும் பொதுக் கருவூலத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையை மக்கள்தொகைப்படி நிர்ணயிக்கலாம் என்று 1783-இல் பேச்சு எழுந்தபோது, அடிமைகளைக் குறைவாக எண்ண வேண்டும் என்று தெற்கும், கூடுதலாக எண்ண வேண்டும் என்று வடக்கும் வாதாடின. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசன் இடையில் புகுந்து முன்வைத்த சமரசமே ஐந்துக்கு மூன்று. பதின்மூன்று மாநிலங்களும் ஒருமித்து ஏற்காததால் அத்திட்டம் விழுந்தது. நான்கே ஆண்டுகளில், அரசியலமைப்பை வகுத்த பிலடெல்பியா மாநாட்டில் பேச்சு வரியிலிருந்து சபை இடங்களுக்கு மாறியவுடன் இரு தரப்பும் வெட்கமின்றி இடம் மாறிக்கொண்டன: அடிமைகளை முழுத் தலைகளாகவே எண்ண வேண்டும் என்று தெற்கிலிருந்து குரல் வர, தெற்கில் சொத்தாகக் கருதப்படுவோரைக் கணக்கில் சேர்ப்பதானால் வடக்கின் மாடுகளையும் குதிரைகளையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கேட்டார். பழைய வரி விகிதத்தை மீண்டும் எடுத்து முன்மொழிந்தவர் தென்னாட்டவர் அல்லர், பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன்.

மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, கொள்கையளவில் அது நன்று என்று ஒப்புக்கொண்ட மாடிசன், அப்படிச் செய்தால் அடிமைகளை வைத்துத் தெற்கு எந்தச் செல்வாக்கும் பெற இயலாது என்பதையும், தேர்வாளர் முறை அச்சிக்கலைத் தீர்க்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். 1787 ஜூலை 19 அன்று மாநாட்டில் பேசிய அந்தப் பேச்சைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தவரும் அவரே.

1800-இல் ஜெஃபர்சன் பெற்ற 73 வாக்குகளில் ஏறத்தாழ 12 இந்தப் பின்னத்தின் கொடை என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். ஆடம்ஸை அவர் முந்தியது எட்டே வாக்குகளில். ஆடம்ஸின் கட்சியான ஃபெடரலிஸ்டுகளின் நியூ இங்கிலாந்து இதழ்கள், அடிமைகளின் தோளில் ஏறி ஜெஃபர்சன் பதவிக்கு வருகிறார் என்று கொதித்தன. கணக்கு சரிதான், கொதிப்பில் நேர்மை குறைவு. அக்கட்சி ஆடம்ஸுடன் களமிறக்கிய சார்லஸ் காட்ஸ்வொர்த் பிங்க்னி தென் கரோலினாவின் அடிமை உரிமையாளர். பிலடெல்பியா மாநாட்டில் அடிமை முறைக்காக வாதாடியவர். பின்னம் மட்டுமே ஆடம்ஸை வீழ்த்திவிடவும் இல்லை. 1796-இல் அவருக்குக் கிடைத்த நியூயார்க்கின் 12 வாக்குகளை, தேர்வாளர்களை நியமித்த மாநிலச் சட்டமன்றத்தில் நியூயார்க் நகரத்துக்குரிய இடங்களைக் கைப்பற்றியதன் மூலம் பர் இம்முறை எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தார். அத்தோல்வி தெரிந்ததும் பழைய சட்டமன்றத்தை அவசரமாகக் கூட்டித் தேர்தல் விதியையே மாற்றுமாறு ஃபெடரலிஸ்டான ஹாமில்டன் தம் கட்சியைச் சேர்ந்த நியூயார்க் ஆளுநர் ஜான் ஜேவுக்குக் கடிதம் எழுதினார். கட்சி நலனுக்கான இச்செயல் தமக்குத் தகாது என்று அக்கடிதத்திலேயே குறித்துவிட்டு ஜே அதை ஓரங்கட்டினார். அந்த ஆண்டின் அரசியலில் இவ்வளவு கண்ணியமான செயல் வேறொன்றைக் காண்பது அரிது.

சமநிலை பிரதிநிதிகள் சபைக்குச் சென்றபோது இந்தக் கணக்கு முழுவதும் ஒரே நாளில் செல்லாக்காசானது. அங்கே விதி வேறு: மாநிலத்துக்கு ஒரு வாக்கு, 16 மாநிலங்களில் ஒன்பதைப் பெறுபவரே அதிபர். அடிமைத் தலைகளையும் கூட்டி வர்ஜீனியா சேர்த்த 19 உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஒரே வாக்கு. டெலாவேரின் ஒரே உறுப்பினரான ஜேம்ஸ் பேயார்டுக்கும் ஒரு வாக்கு. அவர் ஃபெடரலிஸ்ட். 1801 பிப்ரவரி 11 முதல் 17 வரை அவர் என்ன செய்தார் என்பதும், கடும் காய்ச்சலோடு பனியில் தூக்கி வரப்பட்டுப் பக்கத்து அறையில் படுத்தபடியே வாக்களித்த மேரிலாந்தின் ஜோசப் நிக்கல்சனின் கதையும் அடுத்த வாரம்.