கழித்துப்போடும் கோழிக்காலுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கோழிக்கடைக்குப் போனால், காலை வேண்டாமென்று விட்டுவிட்டு இறைச்சியை மட்டும் வாங்கி வருகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

தெரியுமா? நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்! தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அதுதான். கோழிக்காலில் சதை ஏது? தோலும் நாணும் எலும்பும்தானே! அத்தனையிலும் கொலாஜன்!

தெரியுமா? கொலாஜனின் வடிவத்தை உலகுக்குச் சொன்னது நம் சென்னை! மூன்று இழைகள் கயிறாக முறுக்கிக்கொண்ட அமைப்பை 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தது எது? கங்காரு வாலின் தசைநாண்!

தெரியுமா? கோழி இறகில் கொலாஜன் இல்லை, அது கெரட்டின்! நெஞ்செலும்பின் நுனிக் குருத்தில் இருப்பதோ இரண்டாம் வகைக் கொலாஜன். நம் மூட்டுக் குருத்தெலும்பிலும் அதே வகைதான்!

தெரியுமா? கொலாஜனைச் சிதையாமல் எடுக்க நெருப்பே ஆகாது! நகம் நீக்கிய காலை நீர்த்த காரத்தில் ஊறவைத்து மற்றப் புரதங்களைக் கழுவுவார்கள். பிறகு வினாகிரியிலுள்ள அதே அசற்றிக் அமிலத்தில், 4 பாகைக் குளிரில் கரைப்பார்கள். உப்பைச் சேர்த்ததும் கொலாஜன் வெள்ளையாகத் திரண்டு வரும்!

தெரியுமா? சூடாக்கினால் அதுவே ஜெலற்றின்! சுமார் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஜெலற்றினுக்கு அது தாராளம். மெல்லிய தீயில் மணிக்கணக்கில் காய்ச்சிய கோழிக்கால் சூப்பை மார்கழி இரவில் மூடி வையுங்கள். ஃபிரிஜ் இல்லாமலே விடியும்போது உறைந்திருக்கும், சட்டியைத் தட்டினால் குலுங்கும்!

தெரியுமா? பிளேன்டீ நாக்கில் துவர்ப்பது, தேயிலையின் பொலிபீனோல்கள் உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றிக்கொள்வதால்! ஆவாரம்பட்டையின் துவர்ப்புச் சத்து கொலாஜனை அப்படிப் பற்றிக்கொள்வதால்தான் பச்சைத்தோல் பதமாகிறது!

தெரியுமா? உலகின் ஜெலற்றினில் பெரும்பகுதி பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் வருகிறது. மாடு தொடாத வீட்டிலும் பன்றி தொடாத வீட்டிலும் கோழிக்குப் பெரும்பாலும் தடையில்லை!

இன்னொன்று! கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இல்லை. அதனால் சூப்பை மட்டும் நம்பாமல் பருப்பும் முட்டையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். உடம்பு தன் கொலாஜனை உறுதியாகக் கட்ட விற்றமின் சி வேண்டும். கொய்யாப்பழத்தில் அது நிறையவே உண்டு!

அடுத்த முறை கோழிக்கடையில் காலையும் கேட்டு வாங்குங்கள். மலையகத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளே, மருந்து அடைக்கும் கூட்டுக்கும் காயத்துக்கு இடும் கட்டுக்கும் உதவும் பொருள் இங்கே குப்பைக்குப் போகிறது. அதை எடுத்துப் பயனாக்கும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது!