யார் போய்ச் சொல்வது?

டிசம்பர் கடைசி வாரம். அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, கையில் வந்த பெயருக்கு ரகசியமாகப் பரிசு வாங்கித் தர வேண்டும். கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார். அவருக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே 3 பாடி ஸ்பிரே. ஒரு நொடி அமைதி. பிறகு யாரோ ‘க்ளுக்’கென்று சிரிக்க, கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

ஜனவரியில் அவர் சாப்பாட்டு மேஜைக்கு வருவதை நிறுத்தினார். தன் இடத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார். மார்ச்சில் வேலையை விட்டார். போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், 3 பேருக்கு ஓர் அறை. மொட்டை மாடியில் துணி காயப்போட அனுமதியில்லை. அறைக்குள்ளேயே கொடி கட்டி, ஃபேன் காற்றில் உலர்த்தி, மழைக்காலத்தில் அரை ஈரத்தோடு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாடை அவர் உடம்பில் இல்லை, சட்டையில் இருந்தது. நாங்கள் தந்த மூன்று டப்பாவும் அதற்கு மருந்தே இல்லை.

வியர்வைக்கென்று தனியாக வாடை கிடையாது என்றால் பலர் நம்புவதில்லை. நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை உப்பு கலந்த தண்ணீரைத்தான் விடுகின்றன; உடம்பைக் குளிர்விப்பது அவற்றின் வேலை. அக்குளில் இருக்கும் இன்னொரு வகைச் சுரப்பி பருவம் வந்த பிறகுதான் விழிக்கிறது. கொழுப்பும் புரதமும் கலந்த அதன் கசிவும் வெளிவரும்போது மணமற்றதே. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலங்களாகவும் கந்தகச் சேர்மங்களாகவும் மாற்றும்போதுதான் மூக்கு சுளிக்கிறது. எவ்வளவு வாடை என்பதில் பிறப்புக்கும் பங்கு உண்டு. கிழக்கு ஆசியர்கள் பலருக்கு ஏபிசிசி11 என்ற மரபணுவில் சிறு மாற்றம் இருப்பதால் அக்குள் வாடை மிகக் குறைவு; காதழுக்குகூட உலர்ந்துதான் இருக்கும். இரண்டு வேளை குளிக்கிறவருக்கு வாடை இருக்கலாம், ஒரு வேளை குளிக்கிறவருக்கு இல்லாமலும் போகலாம்.

துணியின் கதை தனி. 2014-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைச் சைக்கிள் மிதிக்கவிட்டு, அவர்களுடைய பனியன்களை மறுநாள் முகர்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டரில்தான் வாடை கடுமை. வாடை கிளப்பும் சில பாக்டீரியாக்கள் பாலியெஸ்டர் இழையில் செழித்து வளர்ந்திருந்தன. சரியாக உலராத துணியின் முடை வாடைக்கு மொராக்செல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவை 2012-ல் ஜப்பானியர்கள் கைகாட்டினார்கள். இந்த இரண்டு செய்தியையும் படித்தபோது எனக்கு அந்த மேன்ஷன் கொடிதான் நினைவுக்கு வந்தது.

இதில் பெரிய கொடுமை, வாடைக்கு உரியவருக்குத்தான் அது கடைசியில் தெரியும். மாறாத மணத்தைச் சில நிமிடங்களில் கண்டுகொள்ளாமல் விடுவது மூக்கின் இயல்பு. கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாட்டு வாடை தெரியாது. நமக்கு நம் வாடை தெரியாது. ‘உங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள்’ என்ற இந்தப் பயத்தைக் காசாக்கலாம் என்று 1919-லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓடொரோனோ என்ற வியர்வைத் தடுப்பானுக்குப் பெண்கள் பத்திரிகை ஒன்றில் வந்த விளம்பரம் அதைத்தான் நாசூக்காகச் சொன்னது. அவமானமாக இருக்கிறது என்று சுமார் 200 வாசகிகள் சந்தாவை ரத்து செய்தார்கள். அடுத்த வருடம் விற்பனை இரண்டு மடங்கைத் தாண்டியது. பக்கத்து இருக்கைக்காரர் வாயைத் திறக்காததால் பிழைக்கும் தொழில் அது. இன்னொன்று: நம் ஊரில் ‘டியோ’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை வெறும் வாசனைதான், வியர்வையை நிறுத்தாது. நிறுத்துவது அலுமினிய உப்பு கலந்தது. அதையும் இரவில், உலர்ந்த தோலில் தடவினால்தான் நல்ல பலன். சலூனில் சவரம் முடிந்ததும் தேய்க்கிற படிகாரமும் அந்தக் குடும்பம்தான், விலை மட்டும் வேறு.

ஆக, யாராவது சொல்லத்தான் வேண்டும். சொல்வதற்கு முன்னால் நம் மூக்கையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். இந்த நாட்டில் ‘நாத்தம்’ வெறும் வாடையைக் குறித்த சொல் அல்ல. இன்னாரிடம் நாத்தம், இன்னார் சாப்பாட்டில் நாத்தம் என்று சாதி பார்த்துப் பிரித்துவைத்த வரலாறு அதற்கு உண்டு. ஜிம்மிலிருந்து நேராக வரும் மேலாளரின் வியர்வை சுறுசுறுப்பாகிவிடுகிறது. கத்திரி வெயிலில் தடித்த பாலியெஸ்டர் சீருடையோடு 12 மணி நேரம் வாசலில் நிற்கும் காவலாளியின் வியர்வை புகாராகிவிடுகிறது. அவருக்கு உடை மாற்ற ஓர் அறை, இரண்டாவது சீருடை, குளிக்க ஒரு குழாய் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் இல்லாமல் ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளே ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னன. ஒரு குடம் தண்ணீரில் குளியலை முடிப்பது எப்படி என்று அந்த வருடம் பலரும் தெரிந்துகொண்டார்கள். சென்னையில் சில தெருக்களுக்கு எல்லா வருடமும் 2019தான்.

பொதுச் சுற்றறிக்கை வீண். ‘தனிநபர் சுகாதாரம் பேணுக’ என்று ஹெச்.ஆர். அனைவருக்கும் மெயில் போட்டால், பளிச்சென்று வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் காலரை முகர்ந்து பார்ப்பார்கள். உரியவர் ‘யாரைச் சொல்றாங்க சார்?’ என்று நம்மிடமே வந்து கேட்பார்.

எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒருமுறை எனக்கே சொல்லப்பட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது. டெஸ்பாட்ச் பிரிவில் ஓர் அக்கா, என்னைவிட 20 வயது மூத்தவர். ஒரு நாள் மாலை எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் மாடிப்படியில் நிறுத்தினார். “தம்பி, தப்பா எடுத்துக்காத. இந்த நீலச் சட்டை வேர்வைய இழுத்து வச்சுக்குது போல. மத்தியானத்துக்கு மேல லேசா வாடை வருது. என் கூடப்பொறந்தவன்னா சொல்லுவேன்ல, அதான்.” நான் வாயைத் திறப்பதற்குள், “நாளைக்குத் தபால் மூட்டை எத்தனை மணிக்கு வரும்?” என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

அந்த அரை நிமிடத்தைப் பல வருடங்களாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். காலையில் சொல்லியிருந்தால் அன்று முழுக்கக் கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாலையில் சொன்னதால் வீட்டுக்குப் போய் மட்டும் கூசினேன். ‘எல்லாரும் சொல்றாங்க’ என்ற மூன்றாம் தரப்பு சாட்சியை அவர் கூப்பிடவில்லை. அந்த ஒரு வாக்கியம் போதும், மறுநாள் ஒவ்வொரு முகமாக ஆராய ஆரம்பித்துவிடுவோம். குற்றத்தைச் சட்டை மேல் போட்டார். ‘நாத்தம்’ என்று சொல்லாமல் ‘வாடை’ என்றார். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். அந்தச் சொல் நம் வாயில் எப்போது கெட்டதோ. முக்கியமாக, தபால் மூட்டையைப் பற்றிக் கேட்டு, என்னைச் சக ஊழியனாகத் திரும்ப நிற்கவைத்துவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் அந்த ‘தம்பி’ வாய்க்காது. மேலாளர் சொல்லும்போது உறவுமுறை எடுபடாது. கதவைச் சாத்திவிட்டு, சார் போட்டு, நேராகச் சொல்வதே மரியாதை. பெண்ணிடம் பெண் சொல்வது நல்லது. சொல்லியும் மாறவில்லை என்றால் அதை அலட்சியம் என்று எழுதிவிட வேண்டாம். தைராய்டு, மாதவிடாய் நிற்கும் பருவம், அளவுமீறி வியர்க்கும் கோளாறு என்று மருத்துவக் காரணங்கள் இருக்கலாம். உடம்பில் மீன் வாடை வரவைக்கும் ட்ரைமெத்தில்அமினூரியா என்ற அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர் நாளுக்கு நான்கு முறை சோப்புப் போட்டாலும் தப்ப முடியாது. ‘ஒரு டாக்டரைப் பாருங்களேன்’ என்பது வரைதான் நம் எல்லை.

இவ்வளவு தெரிந்த நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்? பக்கத்து இருக்கையில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். கெட்டிக்காரன். மதியம் 3 மணிக்கு மேல் எனக்குத் தெரிகிறது. திங்கள் மாலை சொல்லலாம் என்றிருந்தேன், ஆடிட்டர் வந்துவிட்டார். செவ்வாய் அவனுக்கு ஏதோ போன். நேற்று லிஃப்ட் வரை கூடவே போனேன். கதவு திறக்கிற நேரத்தில், “வீடு எங்க தம்பி?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

பல்லாவரமாம். இரண்டு பஸ் மாறி வருகிறானாம்.