பனி நாட்டுக் கஷாயம்

டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் சூரிய பகவான் காலை எட்டே முக்கால் மணி சுமாருக்குத்தான் உத்தியோகத்துக்கு வருகிறார். பிற்பகல் மூன்று மணி அடிப்பதற்கு முன்னரே கச்சேரியைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு விடுகிறார். வடகோடியிலுள்ள கிரூனா நகரத்துக்கு அந்தத் தயவும் இல்லை. ஏறக்குறைய மூன்று வார காலம் அவர் அங்கே முகத்தைக் காட்டுவதே கிடையாது. மார்கழி விடியற்காலையில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அப்பப்பா, என்ன குளிர்!" என்று சொல்லும் நாம், இத்தகைய இருட்டையும் குளிரையும் மனத்தில் கற்பனை செய்து பார்ப்பதுகூடச் சிரமந்தான்.

அந்த இருட்டில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும், வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து, உறவினரையும் அண்டை அயலாரையும் அழைக்கிறார்கள். வருகிறவர் கையுறையைக் கழற்றியதும் அவர் கையில் ஒரு சின்னஞ் சிறு கிண்ணம் கொடுக்கப்படுகிறது. அதிலிருந்து ஆவி எழும். ஏலமும் கிராம்பும் பட்டையும் கலந்த மணம் வீடு முழுவதும் கமழும். இதற்கு அவர்கள் பாஷையில் 'க்ளொக்' என்று பெயர். சூடாக்கியது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். நம் காதுக்கு என்னவோ இருமல் சத்தம் போல ஒலிக்கிறது!

பொருளும் இருமலுக்கு வெகு தூரமில்லை. சுக்கு, ஏலக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை, சர்க்கரை: ஜலதோஷம் பிடித்தால் நம் பாட்டிமார் அடுப்பில் ஏற்றும் சரக்குகளே இவை. ஒரே ஒரு வித்தியாசம், அவர்கள் தண்ணீருக்குப் பதில் சிவப்புத் திராக்ஷ மதுவை, அதாவது ஒயினை, ஊற்றுகிறார்கள். "மதுவா! நம் வீட்டுக் குழந்தைகள் படிக்கும் பத்திரிகையில் இது எதற்கு?" என்று நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இதே கேள்வி ஸ்வீடன் தேசத்தையே ஒரு காலத்தில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் கிண்ணத்துக்குள் மிதக்கும் சரக்குகளைக் கவனிப்போம். அவற்றில் பல நம்முடைய வீட்டுப் பிள்ளைகள் அல்லவா?

மதுவில் வாசனைச் சரக்கிட்டுக் காய்ச்சும் வழக்கம் மிகப் பழையது. ரோமாபுரியில் ஆபிகியஸ் என்பவர் பெயரால் வழங்கும் சமையல் நூலின் முதல் பக்குவமே இதுதான். தேனும் மதுவும் சேர்த்துக் காய்ச்சி, அதில் மிளகைத் தாராளமாகப் பொடித்துப் போட்டு, குங்குமப்பூவும் சேர்க்கச் சொல்லுகிறது. அந்த மிளகு முசிறித் துறையில் கப்பலேறிய சேர நாட்டு மிளகு. பிறகு பல நூற்றாண்டுகள் கடந்து, 1523 முதல் 1560 வரை ஸ்வீடனை ஆண்ட குஸ்தாவ் வாசா மன்னருக்கு, ரைன் நதிக்கரை மதுவில் தேன், சர்க்கரை, பட்டை, இஞ்சி, ஏலம், கிராம்பு ஆகியவற்றைச் சேர்த்த பானத்தின்மீது அபாரப் பிரியம் இருந்தது. அக்காலத்தில் அந்தச் சரக்குகளின் விலை அரண்மனைக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஸ்வீடிஷ்காரர்கள் இந்தக் கீழ்த்திசைச் சரக்குகளை நேரிலேயே தேடி வந்த கதை ஒன்று உண்டு. அது நம் சோழமண்டலக் கரையைச் சேர்ந்ததாகையால் சொல்லாமல் விட மனமில்லை. 1731-இல் கோதன்பர்க் நகரத்தில் ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்று ஆரம்பமாயிற்று. அவர்களுடைய கப்பல் ஒன்று 1733-இல் பறங்கிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. கரையில் ஒரு பண்டசாலையும் போட்டார்கள். சென்னையிலிருந்த ஆங்கிலேயரும் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் கண்டால் முறைத்துக்கொள்ளும் போட்டிக்காரர்கள் என்பது பிரசித்தம். ஆனால் மூன்றாவது கடைக்காரன் ஒருவன் வந்துவிட்டான் என்றதும் என்ன ஒற்றுமை! இரு தரத்தாரும் கைகோத்துக்கொண்டு வந்து பண்டசாலையைத் தாக்கிச் சரக்கைக் கைப்பற்றினார்கள். நிலமும் சரக்கும் நம்முடையவை. அவற்றை யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்று தீர்மானித்தவர்கள் வெளியார். ஸ்வீடிஷ் கம்பெனி அதன் பின்னர்ப் பெரும்பாலும் சீனத்துக் கான்டன் துறைமுகத்தோடு வியாபாரத்தை வைத்துக்கொண்டது.

இலங்கைக் கறுவாவின் கதையும் இதே மாதிரிதான். 1658-இல் போர்த்துக்கீசியரைத் துரத்திய டச்சுக்காரர், 1796-இல் ஆங்கிலேயர் வரும் வரையில், அந்தப் பட்டையைத் தங்கள் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்கள்.

ஏலக்காயைப் பற்றி இன்றைய செய்தி ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த ஏலச் செடியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலாவுக்குக் கொண்டு போனார். இன்று உலகச் சந்தைக்கு ஏலம் அனுப்புவதில் அந்த நாடு நம்மை முந்திக்கொண்டு நிற்கிறது. போடிநாயக்கனூரில் ஏல வியாபாரிகள் இன்னமும் காயைக் கையில் உருட்டிப் பார்த்து விலை சொல்லுகிறார்கள். ஆனால் பனி நாட்டுக் கிண்ணத்தில் மிதக்கும் காய் போடியிலிருந்து போனதாக இருக்கும் என்று நாம் இறுமாந்திருக்க இனி நியாயமில்லை.

இனிப் பக்குவத்துக்கு வருவோம். ஒரு புட்டி, அதாவது 750 மில்லி லிட்டர், சிவப்பு ஒயின் கொண்டால் சிறு கிண்ணங்களில் எட்டுப் பத்துப் பேருக்குக் காணும். மிக உயர்ந்த ஒயின் வேண்டியதில்லை. இவ்வளவு மணச் சரக்கையும் சர்க்கரையையும் கொட்டிய பின் அதன் உயர்வு யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் புளித்துப் போனது கூடாது. பட்டை இரண்டு துண்டு, லேசாகத் தட்டிய ஏலக்காய் பத்து, கிராம்பு பத்து, விரற்கடை அளவு சுக்கு, நம் நாரத்தைக்கு உறவான கசப்பு ஆரஞ்சின் உலர்ந்த தோல் கொஞ்சம். இவற்றை முந்தின நாள் இரவே ஓர் ஆழாக்கு வோட்காவில் ஊறப் போடுவது அவர்கள் வழக்கம். மறுநாள் அதை வடிகட்டி ஒயினோடு சேர்த்து, 100 கிராம் சர்க்கரை போட்டு, இளந் தீயில் வைக்கிறார்கள். வோட்கா வேண்டாம் என்போர் சரக்குகளை நேரே ஒயினில் இட்டு, சூடு காட்டி, மூடி வைத்து, ஒரு மணி நேரம் ஊற விடுகிறார்கள்.

சரக்குகளை முழுசாகத்தான் போட வேண்டும். பொடி செய்தால் பானம் கலங்கிப் போய், குடிக்கும்போது தொண்டையில் நறநறக்கும். கிராம்பைக் கை தவறி அதிகம் போட்டால் பல் வைத்தியர் வீட்டு வாசனை வந்துவிடும். ஈயம் பூசாத தாமிரப் பாத்திரமும் அலுமினியமும் ஆகா. மதுவின் புளிப்பு அவற்றை அரிக்கும். எனாமல் அல்லது எவர்சில்வர் பாத்திரம் உத்தமம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கொதிக்க விடாமல் இருப்பது. இந்த இடத்தில்தான் நம் கஷாயமும் அவர்கள் கஷாயமும் பிரிகின்றன. நாம் நாலுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுவோம். அவர்களோ ஆவி பறந்து, ஓரத்தில் முதல் குமிழி தலை காட்டுவதற்கு முன்பே பாத்திரத்தை இறக்கிவிடுகிறார்கள். சாராயச் சத்து 78 பாகையிலேயே கொதிக்கும் பொருளாகையால், தளதளவென்று கொதிக்க விட்டால் அது முதலில் பறந்து போகும். மணமும் கூடவே போகும். கிராம்பின் கசப்பும் ஒயினின் துவர்ப்பும் மட்டும் அடியில் தங்கும். பழைய நாளில் பாத்திரத்தின் மேல் கம்பிச் சல்லடை வைத்து, அதில் சர்க்கரைக் கட்டியை நிறுத்தி, சாராயத்தை ஊற்றிக் கொளுத்தி, சர்க்கரை உருகிச் சொட்டச் சொட்டச் செய்வார்களாம். பார்ப்பதற்கு வேடிக்கைதான். வீட்டுக்குள் திரைச் சீலைகளுக்கு நடுவே செய்யத் தக்க வேடிக்கையல்ல.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் பட்டை என்று கொடுப்பது பெரும்பாலும் சீனம், இந்தோனேஷியா, வியட்நாம் முதலிய இடங்களின் தடித்த பட்டை. ஒற்றைச் சுருளாக, மரத் துண்டு போல் இருக்கும். இலங்கைக் கறுவாவோ காகிதம் போன்ற மெல்லிய ஏடுகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டது, கையால் நொறுங்கும். தடித்த பட்டையில் கூமரின் என்னும் பொருள் அதிகம். அளவுக்கு மிஞ்சினால் ஈரலுக்கு ஆகாது என்று 2006-இல் ஜெர்மானிய அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையமே எச்சரித்தது. ஒரு கிண்ணத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் நயம் சரக்கு அருகிலேயே விளையும்போது அதைக் கேட்டு வாங்குவது சிலாக்கியம்.

"குளிருக்கு மது நல்லது" என்று சொல்வோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. இது சுத்தத் தவறு. மது உள்ளே போனதும் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, சூடேறினாற்போல் தோன்றுகிறது. உண்மையில் உடம்பின் உள்ளேயிருந்த சூடு தோலின் வழியாக வெளியே ஓடுகிறது. குடித்துவிட்டுப் பனியில் நடப்பவனுக்கு ஆபத்து அதிகம். கையிலும் தொண்டையிலும் உண்டாகும் இதத்துக்குச் சூடும் மணச் சரக்கும் போதும்.

ஸ்வீடிஷ் ஜனங்கள் இதை லேசாகக் கற்றுக்கொள்ளவில்லை. குடியினால் குடும்பங்கள் பாழாவதைக் கண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே மதுவிலக்கு இயக்கம் வலுத்தது. ஈவான் பிராட் என்ற வைத்தியரின் யோசனைப்படி, சாராயம் வாங்குவதற்குப் பங்கீட்டுப் புத்தகம் ஏற்பட்டது. மணமான ஸ்திரீகளுக்குப் பொதுவாக அந்தப் புத்தகம் கிடையாது. 1922-இல் பூரண மதுவிலக்கு வேண்டுமா என்று தேசத்தையே கேட்டார்கள். ஆண்களின் வாக்கும் பெண்களின் வாக்கும் தனித் தனியே எண்ணப்பட்டன. பெண்களில் பெரும்பாலோர் வேண்டும் என்றார்கள். ஆண்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். அடுப்பங்கரையின் அநுபவம் எந்தப் பக்கம் பேசிற்று என்பதை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. முடிவில் நூற்றுக்கு 51 பேர் வாக்கால் மதுவிலக்குத் தோற்றது. பங்கீட்டுப் புத்தகம் 1955-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஒழிந்தது. சேலம் ஜில்லாவில் ராஜாஜி மந்திரிசபை 1937-இல் மதுவிலக்கைத் தொடங்கியதும் ஓர் அக்டோபர் முதல் தேதியில்தான்!

இன்று அங்கே நூற்றுக்கு 3.5 பங்குக்கு மேல் சாராயச் சத்துள்ள பானத்தைப் பெரும்பாலும் அரசாங்கக் கடையில்தான் வாங்கலாம். இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடையே இல்லை. மளிகைக் கடையில் கிடைப்பது அநேகமாகச் சத்தே இல்லாத க்ளொக். வீடுகளில் நடப்பது இன்னும் கவனிக்கத் தக்கது. அடுப்பில் பாத்திரங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் ஒயின், மற்றொன்றில் கருந்திராட்சை போன்ற ஒரு புளிப்புப் பழத்தின் சாறு. சரக்குகள் இரண்டிலும் ஒன்றே, கிண்ணமும் ஒன்றே. குழந்தைகள், கர்ப்பிணிகள், வண்டி ஓட்டுகிறவர், குடியை விட்டுவிட்டவர், விரும்பாதவர் யாராயினும், "எனக்கு வேண்டாம்" என்று கூச்சத்தோடு கையை நீட்டி மறுக்க வேண்டியதில்லை. குடியை விட்ட மனிதர் ஒருவருக்கு, நாலு பேர் நடுவில் காரணம் சொல்லாமல் ஒரு கிண்ணம் கையில் கிடைப்பது எவ்வளவு பெரிய உபகாரம்! இங்கிலாந்தில் 1861-இல் வெளியான பீட்டன் அம்மாளின் பிரசித்தமான குடித்தன நூல், குழந்தைகள் விருந்துக்கே மது கலந்த சுடுபானம் ஒன்றைச் சொல்லியிருப்பதை நினைத்தால், இரண்டாவது பாத்திரத்தின் அருமை விளங்கும்.

அந்த இரண்டாவது பாத்திரத்தை நம் வீட்டிலும் ஏற்றலாம். கறுப்புத் திராட்சைச் சாறு ஒரு லிட்டர், மேலே சொன்ன சரக்குகள், அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு. திராட்சையிலேயே இனிப்பு உண்டாகையால் சர்க்கரை தேவையில்லை. சாராயம் இல்லாததால் கொதிக்கலாகாது என்ற கட்டுப்பாடும் அவ்வளவு இல்லை. எனினும் மெல்லச் சூடாக்கினால்தான் பழத்தின் மணம் நிற்கும். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழிய வேண்டும்.

பரிமாறும் முறையும் ஓர் அழகு. கிண்ணத்தின் அடியில் தோல் நீக்கிய வாதுமைப் பருப்பு நாலைந்தும் உலர்ந்த திராட்சை கொஞ்சமும் போட்டு, அதன் மேல் பானத்தை ஊற்றி, ஒரு குட்டிக் கரண்டியும் வைப்பார்கள். குடித்து முடிந்ததும் ஊறிப் பருத்த திராட்சையைக் கரண்டியால் எடுத்துத் தின்பதிலேதான் குழந்தைகளுக்குக் குஷி. கூடவே மெல்லிய இஞ்சி பிஸ்கோத்து. அதன் பெயருக்கு 'மிளகுப் பணியாரம்' என்று பொருள். மிளகு மட்டும் பெரும்பாலும் இராது. டிசம்பர் 13-ஆம் தேதி லூசியா திருநாளன்று, வெள்ளை உடுத்த பெண்கள் தலையில் தீபம் தரித்துப் பாடி வரும்போது, குங்குமப்பூ ரொட்டியும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கொண்டாட்டம் ஜனவரி 13-ஆம் தேதி வரையில் நீடிக்கிறது. நம் போகிப் பண்டிகையை ஒட்டி வரும் அந்த நாளில், அவர்களும் வீட்டைச் சுத்தம் செய்து, காய்ந்து போன கிறிஸ்துமஸ் மரத்தை வாசலுக்கு வெளியே தள்ளுகிறார்கள். மரத்தில் தொங்கிய மிட்டாய்களைக் குழந்தைகள் பங்கு போட்டுக்கொள்ள, புட்டியில் மிஞ்சியிருக்கும் க்ளொக்கை அம்மா கடைசி முறையாகச் சூடு பண்ணுகிறாள்.