வீரருக்கு எத்தனை மதிப்பெண்?

கால்பந்து வீடியோ கேமில் ஒவ்வொரு வீரரும் எண்களின் தொகுப்பு. 1993 முதல் ஃபிஃபா என்ற பெயரிலும் 2023 முதல் எஃப்.சி. என்ற பெயரிலும் வரும் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் விளையாட்டில் வேகம், ஷாட், பாஸ், டிரிப்ளிங், தடுப்பாட்டம், உடல்வலு என ஆறு மதிப்பெண்கள் வீரரின் அட்டையில் தெரியும். அவற்றுக்கு அடியில் முப்பதுக்கும் மேற்பட்ட திறன்களுக்குத் தனித்தனியே 99 வரை மதிப்பெண் உண்டு. ‘ஃபுட்பால் மேனேஜர்’ விளையாட்டில் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். அதோடு கண்ணில் படாத மொத்தத் திறன் ஒன்று 200க்குக் கணக்கிடப்படுகிறது. முகம், ஜெர்சி, மைதானம் எல்லாம் அச்சு அசலாக இருந்தாலும் இந்த எண்கள் பிசகினால் ஆட்டம் நிஜமாக இருக்காது.

எண்களுக்கு முதல் ஆதாரம் மனிதக் கண். இரு விளையாட்டுகளுக்குமே பல நாடுகளிலும் ஆட்டங்களை நேரில் பார்த்துத் தகவல் அனுப்ப ஏராளமானோர் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் பார்வைக்கு ஈடு இல்லை. ஆனால் அதில் அபிமானமும் கலந்துவிடும். ‘ஃபுட்பால் மேனேஜ’ருக்கு முன்னோடியான ‘சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02’ விளையாட்டில் கோல்களைக் குவித்த டோ மதேரா என்ற போர்ச்சுகல் வீரர் நிஜத்தில் இல்லவே இல்லை. தகவல் திரட்டியவரே தன்னை ஒரு சிறிய கிளப்பின் பட்டியலில் சேர்த்திருந்தார். அனுப்பப்படும் மதிப்பெண்ணை இன்னொருவர் சரிபார்ப்பதும் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடுவதும் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

புள்ளிவிவரமும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல. வேகத்தையே பார்க்கலாம். 2024 ஜனவரியில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்தில் டோட்டன்ஹாம் பின்கள வீரர் மிக்கி வான் டெ வென் மணிக்கு 37.38 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அது உச்ச வேகம். அதைத் தொட, முன்னால் நீண்ட வெற்றிடம் வேண்டும். துரத்திப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். கோலுக்கு அருகிலேயே நின்று தடுக்கும் அணியில் ஆடும் வீரருக்கு அந்த வாய்ப்பு சீசன் முழுவதும் வராமலே போகலாம். அவருடைய உச்ச வேகம் குறைவாகப் பதிவானதால் மட்டும் அவரை மெதுவானவர் என்று சொல்லிவிட முடியாது. அதோடு, கால்பந்தில் பந்துக்கான பெரும்பாலான ஓட்டப் போட்டிகள் முதல் சில மீட்டரிலேயே முடிந்துவிடுகின்றன. அதனால்தான் முடுக்கத்துக்கும் ஓட்ட வேகத்துக்கும் தனி மதிப்பெண் கொடுக்கப்படுகிறது. பல ஆட்டங்களின் உச்சங்களைத் திரட்டி, வீரர் நிற்கும் இடத்தையும் அணியின் பாணியையும் கணக்கில் எடுத்த பிறகே இரண்டையும் நிர்ணயிக்க வேண்டும்.

கோல் அடிக்கும் திறனில் வேறு ஒரு சிக்கல்: அதிர்ஷ்டம். பெரிய லீக்குகளில் ஏறக்குறைய பத்து ஷாட்டுக்கு ஒன்று கோலாகிறது. புதிதாக வந்த இளைஞர் ஒருவர் 10 ஷாட்டில் 4 கோல் அடித்துவிட்டார் என்று கொள்வோம், 40 சதவீதம். அனுபவசாலி ஒருவர் 300 ஷாட்டில் 60 கோல், 20 சதவீதம். இளைஞர்தான் இருமடங்கு கெட்டிக்காரர் என்று மதிப்பெண் போட்டால் தவறு. இருவர் கணக்கிலும் சராசரி வீரரின் 100 ஷாட்டையும் 10 கோலையும் சேர்த்தால் இளைஞருக்கு 110 ஷாட்டில் 14 கோல், அதாவது 12.7 சதவீதம், அனுபவசாலிக்கு 400 ஷாட்டில் 70 கோல், 17.5 சதவீதம். சான்று குறைவாக இருக்கும்போது மதிப்பீட்டைச் சராசரியை நோக்கி இழுக்கும் இந்த முறை புள்ளியியலில் பழையது. ரசிகர்களுக்கு இது பிடிப்பதில்லை, ஆனால் நியாயமானது. 2022-23 பிரீமியர் லீக்கில் 36 கோல் அடித்துச் சாதனை படைத்த எர்லிங் ஹாலண்டே அடுத்த சீசனில் 27 கோல்தான் அடித்தார். அப்போதும் லீக்கில் அவர்தான் முதலிடம். ஒரே சீசனின் உச்சத்தை வைத்து மட்டும் மதிப்பெண்ணை உயர்த்தக் கூடாது.

ஒரு லீக்கில் அடித்த கோல் இன்னொரு லீக்கின் கோலுக்குச் சமமாகாது. லீக் மாறிய வீரர்களே இதற்கு அளவுகோல்: பழைய லீக்கில் எப்படி ஆடினார்கள், புதிய லீக்கில் எப்படி ஆடுகிறார்கள் என்று பலரை ஒப்பிட்டால் இரண்டு லீக்குகளுக்கும் உள்ள இடைவெளி தெரியும். சென்னையின் எஃப்.சி. ஆடும் இந்தியன் சூப்பர் லீக் ஃபிஃபா 22இல் சேர்க்கப்பட்டது. இத்தகைய லீக்கிலிருந்து ஐரோப்பாவின் பெரிய லீக்குகளுக்கு நேரடியாகப் போகிறவர்கள் மிகக் குறைவு என்பதால் அங்கே ஒப்பீடு கடினம்.

தனித்தனி திறன்களிலிருந்து ஒட்டுமொத்த ரேட்டிங் வருவது ஆடும் இடத்தைப் பொறுத்தது. ஸ்ட்ரைக்கருக்குக் கோலடிப்பு எடை கூடியது. பின்கள வீரருக்குப் பந்தைப் பறிப்பதும் எதிராளியை மறிப்பதும். ஒட்டுமொத்த எண்ணை முதலில் முடிவுசெய்துவிட்டு, அது வரும்வரை உள் திறன்களை ஏற்றுவது பலர் செய்யும் தவறு. கேமில் பந்தை உதைப்பது ஒட்டுமொத்த எண் அல்ல, உள் திறன்களே. ‘ஃபுட்பால் மேனேஜர்’ இதற்கு ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது. 200க்கான மொத்தத் திறனே ஒரு வரம்பு. ஒரு முக்கியத் திறனை ஏற்றினால் வேறொன்றைக் குறைக்க வேண்டும், இல்லையேல் மொத்தத்தையே உயர்த்தக் காரணம் சொல்ல வேண்டும். பலவீனமான காலிலும் நன்றாக உதைக்கும் திறன்கூட இந்தக் கணக்கில் இடம் பிடிக்கும். தாராள மனத்தோடு பிரபலமானவர்களுக்கெல்லாம் வாரி வழங்கினால் உச்சியில் கூட்டம் சேர்ந்து, உண்மையான அபூர்வத் திறமைசாலி தனித்துத் தெரியாமல் போய்விடுவார்.

கடைசிச் சோதனை ஆட்டத்திலேயே நடக்கிறது. கணினியே இரு பக்கமும் ஆடும்படி முழு சீசனை ஓட்டி, விளைவை நிஜ சீசனோடு ஒப்பிட வேண்டும். 2022-23 பிரீமியர் லீக்கின் 380 ஆட்டங்களில் 1,084 கோல். ஆட்டத்துக்குச் சராசரி 2.85. சராசரியிலிருந்து கோல் எண்ணிக்கையின் வாய்ப்பைக் கணிக்கும் பாய்சான் பரவல் என்ற புள்ளியியல் முறைப்படி, நூறு ஆட்டத்தில் சுமார் 6 ஆட்டங்கள் கோலின்றி முடிய வேண்டும். கேமில் சராசரி 4 கோல் வந்தால் எல்லா ஸ்ட்ரைக்கரின் மதிப்பெண்ணையும் வெட்டுவது சரியான வைத்தியம் அல்ல. ஷாட் கோலாகும் விகிதத்தையோ கோல்கீப்பரின் எதிர்வினையையோ விதிகளில் திருத்த வேண்டும். சொந்த மைதான அனுகூலமும் அப்படித்தான். ரசிகர்கள் பெரும்பாலும் இல்லாமல் நடந்த 2020-21 பிரீமியர் லீக் சீசனில் வெளியூர் அணிகள் 153 ஆட்டங்களில் வென்றன. உள்ளூர் அணிகள் வென்றது 144. வீரர்கள் அதே வீரர்கள்தான். ஆகவே அந்த அனுகூலத்தை வீரரின் எண்ணில் ஏற்றாமல் சூழலின் கணக்கில் வைப்பதே முறை.

ஒரே ஒரு சீசனை ஓட்டிப் பார்த்தால் போதாது. நூற்றுக்கணக்கில் ஓட்ட வேண்டும். 2015-16இல் 5000-க்கு 1 என்று சூதாட்ட நிறுவனங்கள் கணித்திருந்த லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் சாம்பியன் ஆனது. அத்தகைய அதிசயம் கேமிலும் எப்போதாவது நடக்கலாம், அடிக்கடி அல்ல. ஓட்டிய சீசன்களில் பாதியில் சிறிய அணி கோப்பையைத் தூக்கினால் ரேட்டிங் இடைவெளி குறுகிவிட்டது என்று பொருள். பலம் மிக்க அணி ஒருமுறைகூடத் தவறாமல் வென்றுகொண்டே இருந்தால் இடைவெளி அகலமாகிவிட்டது. அப்போது மேல்தட்டு வீரர்களின் எண்களை ஒன்றிரண்டு புள்ளி இறக்கி, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.