சந்திரகாந்தக் கல்லுக்கு ஒளி எங்கிருந்து வந்தது?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கிறது கல்வராயன் மலை. அடிவாரத்தில் கச்சிராயபாளையம் பக்கம் புதிதாக உடைந்த பாறைத் துண்டு ஒன்றை எடுத்து, வெயிலில் திருப்பிப் பாருங்கள். கருத்த கல்லில் அங்கங்கே சிறு முகங்கள் பளிச்சென்று மின்னி மறையும். அப்படி மின்னுவதில் பெரும்பங்கு பெல்ஸ்பார் என்னும் கனிமம். மோதிரத்தில் பதிக்கிற சந்திரகாந்தக் கல்லும் அதே பெல்ஸ்பார் குடும்பந்தான்!

ஒன்று ரோட்டுக்கு ஜல்லியாகிறது. மற்றொன்று தங்கத்தில் ஏறி உட்காருகிறது. ஏன் இந்தப் பேதம்?

சந்திரகாந்தக் கல்லுக்குள் நீலமும் வெள்ளையுமாக ஓர் ஒளி மிதக்கும். கல்லை அசைத்தால் ஒளியும் நகரும். நிலவு பட்டால் இந்தக் கல் நீர் கசியும் என்று முன்னோர் நம்பினார்கள். கல் கசிவதில்லை. ஆனால் உள்ளே நடந்திருப்பது அதைவிட விந்தை.

படலத்தின்மேல் படலம்

பூமிக்குள் கடுஞ்சூட்டில் இந்தக் கல் உருவாகும்போது, பொட்டாசியம் உள்ள பெல்ஸ்பாரும் சோடியம் உள்ள பெல்ஸ்பாரும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சூடு தணியத் தணிய அவற்றால் சேர்ந்திருக்க முடிவதில்லை. தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் கலந்து வைத்தால், மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் மட்டும் வெள்ளையாக உறைந்து நிற்கும் அல்லவா? ஏறக்குறைய அப்படித்தான். எண்ணெயாவது ஓடும் பொருள். இங்கே கெட்டியான கல்லுக்குள்ளேயே பாகப்பிரிவினை நடக்கிறது!

பிரிந்தவை படலம் படலமாக அடுக்கி நிற்கின்றன. நல்ல நீல ஒளிக் கல்லில் ஒரு படலத்தின் கனம், தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. உள்ளே போன வெளிச்சம் இந்த அடுக்குகளில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. அந்த வெளிச்சமே கல்லுக்குள் மிதக்கும் நிலவு. படலம் மிக மெல்லியதானால் நீலம், தடித்தால் வெள்ளை.

கல்வராயன் மலைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893-ல் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் சூட்டிய பெயர் அது. பாறையின் வயதோ சுமார் 250 கோடி ஆண்டு! அதிலுள்ள பெல்ஸ்பாரும் பிரிவது உண்டு. ஆனால் பூமியின் ஆழத்தில் நெடுங்காலம் கிடந்து ஆறியதால் படலங்கள் தடித்துப்போகின்றன. ஒளி விளையாட வழியில்லை. பாகு பதம் தப்பிய கதைதான்.

எங்கே கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரம் இந்தக் கல்லுக்குப் பேர்போனது. நீல ஒளிக் கல்லுக்கு இலங்கையில் காலி மாவட்டத்து மீட்டியாகொட. அங்கே குழி வெட்டி, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே, களிமண்ணிலிருந்து கல்லைப் பொறுக்குகிறார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், மனிதன் சந்திரனில் இறங்கியதைக் கொண்டாட, 1970-ல் இதைத் தன் மாநில ரத்தினமாக்கியது. வேடிக்கை என்னவென்றால், புளோரிடாவில் இந்தக் கல் கிடைப்பதே இல்லை!

வாங்குவோர் கவனிக்க

இந்தக் கல்லுக்குப் பட்டை தீட்டுவதைவிடக் குமிழாகத் தேய்ப்பதே வழக்கம். படலங்கள் அடிப்பக்கத்துக்கு இணையாக அமைய வேண்டும். தேய்ப்பவர் திசை தப்பினால் ஒளி ஓரத்துக்குப் போய்விடும். விலையும் அதோடு போகும். கடினத்தில் இது 6 முதல் 6½ வரை. மணல் 7. ஆகவே மண் தூசு பட்டாலே கீறும். ஓங்கி இடித்தால் பிளக்கும். பாத்திரம் தேய்க்கும்போது மோதிரத்தைக் கழற்றி வைப்பது நல்லது.

பால் நிறக் கண்ணாடியைச் சந்திரகாந்தக் கல் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நீலமாகத் தெரிந்தது அப்படியே ஆரஞ்சு நிறமாக மாறினால், அது பெரும்பாலும் கண்ணாடிதான்.